கார் ஏ.சி-யில் காற்று வருது, கூலிங் வரலையா? கேஸ் அடிக்கும் முன் இதைப் பாருங்க!

பத்து வருஷம் ஓடிய கார். கத்திரி வெயிலில் குடும்பத்தோடு கிளம்பினால், முன் சீட்டில் இருப்பவருக்கு லேசாக ஜில்லென்று இருக்கும். பின் சீட்டில் பாட்டியும் பேரனும் வியர்த்து வழிவார்கள். ஏ.சி கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘கேஸ் கம்மியா இருக்கு, அடிச்சிடலாம்’ என்பதுதான். அடித்ததும் ஜோராக இருக்கும். சில மாதங்களில் பழைய கதை.

ஏ.சி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ரப்பர் ஹோஸ் வழியே ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் குறையலாம். சில மாதங்களிலேயே குறைந்தால், எங்கோ லீக் என்றுதான் அர்த்தம்.

எப்போது கூலிங் குறைகிறது?

இதைக் கவனித்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். ஹைவேயில் நன்றாக இருந்து, சிக்னலில் நின்றதும் குறைந்தால், சந்தேகம் முன்பக்கம் இருக்கும் கண்டென்ஸர் மீதும் அதன் ஃபேன் மீதும்தான். ஏ.சி-யைப் போட்டுவிட்டு, கார் நிற்கும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். கண்டென்ஸர் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால், இன்ஜின் ஆறியபிறகு சாதாரண ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன் வேண்டாம். மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

காற்றே குறைவாக வந்தால், கேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். பல கார்களில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கும். அதில் தூசி அப்பியிருந்தால் புது ஃபில்டர் போடுங்கள். இதற்கு மெக்கானிக்கூடத் தேவையில்லை. அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு காற்று சுருங்கி, கொஞ்ச நேரம் ஏ.சி-யை அணைத்ததும் சரியாகிறதா? உள்ளே கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஃபில்டர் அடைப்பு, சென்ஸர் கோளாறு, கேஸ் குறைவு... மூன்றில் எதுவும் காரணமாகலாம்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

இரண்டு பக்க பிரஷரையும் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் குறைந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. இரண்டும் எகிறினால் கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை, அல்லது யாரோ கேஸை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள். ‘நிறைய அடிச்சா நிறைய கூலிங்’ என்பது தப்புக் கணக்கு, கூலிங் குறையும். வாங்கும் பக்கம் கூடி, தள்ளும் பக்கம் குறைந்தால் கம்ப்ரஸர் தளர்ந்திருக்கலாம்.

லீக் எங்கே என்று கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள். ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அது நல்ல துப்பு. தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றியோ, டை கலந்தோ தேடலாம். லீக்கை அடைத்து, டிரையரை மாற்றி, அரை மணி நேரமாவது வேக்யூம் போட்ட பிறகே கேஸ். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். பல கார்களில் ஆர்134ஏ. அதற்குப் பதிலாக மலிவான எரியும் கேஸைக் கலந்து ஏற்றினால், லீக் ஆகும்போது தீ அபாயம் உண்டு. எடை போட்டு ஏற்றும் கடையாகப் பாருங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். கம்ப்ரஸருக்கான எண்ணெயை கேஸ்தான் சுமந்துகொண்டு வருகிறது. கேஸ் குறைந்த நிலையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் கிடைக்காமல் கம்ப்ரஸர் தேய்ந்து, ஜாம் ஆகும். அதன் இரும்புத் துகள்கள் கண்டென்ஸர்வரை பரவிவிட்டால், சில நூறு ரூபாய் ரப்பர் வளையத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஏ.சி-யையே மாற்றும் செலவாகிவிடும்.

கூலிங் காயிலிலேயே ஓட்டை என்றால்தான் சங்கடம். பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். பாகத்தைவிடக் கூலி அதிகமாகலாம். எனவே, கழற்றும்போதே எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றிவிடுங்கள். ஒரு சின்ன வால்வுக்காக இரண்டாவது முறை டாஷ்போர்டைப் பிரிக்க யாருக்கும் மனசு வராது.