கூட்டுத் தட்டுகளில் வாசிப்புப் பிழை

ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்து நூல் பதிப்பித்த பெரியோர் ஒரு பிரதியையே நம்பி அமைந்தாரல்லர். ஒன்றிற் சிதைந்ததைப் பிறிதொன்றிற் கண்டு நிரப்பினர். கணினியில் ‘றெயிட்’ எனப்படும் கூட்டுத் தட்டு முறையும் அத்தகையதே. 1988ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தினரான பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் மூவர் இதற்குப் பெயரும் வகையும் வகுத்தனர். லினக்ஸ் இயங்குதளத்திலே தனிக்கருவி வேண்டாது மென்பொருளே இதனை இயற்றும்.

இதன் ஐந்தாம் வகையிலே நான்கு வன்தட்டுகள் இருப்பின், மூன்றின் அளவுக்குத் தரவும் ஒன்றின் அளவுக்குச் சரிபார்ப்புக் குறிகளும் நான்கிலும் பரவி நிற்கும். ஒன்று ஒழியினும் எஞ்சிய மூன்றைக் கொண்டு அதனை மீளக் கணிக்கலாம். இரண்டு ஒழியின் ஆகாது.

எம் பொறுப்பிலுள்ள பழைய சஞ்சிகைகளின் படப்பிரதிகளை இத்தகைய தொகுதியொன்றில் வைத்திருந்தோம். ஒரு நாட் காலையில் ஒரு தட்டு விலக்கப்பட்டிருத்தல் கண்டு, அஃது இறந்ததென முடிவுசெய்து, அதனை அழித்துவிட்டுப் புதியதொன்றை இட்டோம். மீளக்கட்டல் நடக்கும்போதே மற்றொரு தட்டில் வாசிக்க இயலாத இடங்கள் வெளிப்பட்டன. சில பக்கங்கள் மீளவில்லை. அவற்றின் மூலத்தாள்களையோ கரையான் முன்னரே தின்றுவிட்டது.

யாம் பின்னர் அறிந்தது இது: வாசிப்புப் பிழை நேர்ந்தவுடன் தட்டு இறந்ததாகாது. மென்பொருள் பிற தட்டுகளினின்றும் அவ்விடத்தைக் கணித்து மீள எழுதும். தட்டும் பழுதான இடத்துக்கு மாற்றிடம் வகுத்துக்கொள்ளும். ஆயின், வீட்டுப் பாவனைக்குரிய தட்டுகள் சில, ஓரிடத்தை வாசிக்க நிமிடக்கணக்கில் முயலும். லினக்ஸோ இயல்பாக 30 விநாடியே காத்திருக்கும். இப்பொருத்தமின்மையால் நல்ல தட்டும் விலக்கப்படுதல் உண்டு. இடங்கொடுக்கும் தட்டுகளில் முயற்சிக் காலத்தை 7 விநாடியாகக் குறைத்தல் வேண்டும். இடங்கொடாதவற்றுக்குக் காத்திருக்குங் காலத்தை 180 விநாடியாக உயர்த்தல் வேண்டும்.

ஆதலின் பிழை கண்டுழி முதலிற் செய்யத்தக்கது, எதனையும் எழுதாது பதிவேட்டைப் படித்தலாம். ‘ஸ்மாற்’ அறிக்கையிலே தட்டுக்கும் கணினிக்கும் இடைப்பட்ட தொடர்புப் பிழைகள் மட்டும் பெருகுமாயின், வடத்தை மாற்றிப் பார்க்க. வாசிக்க இயலாது நிலுவையில் நிற்கும் இடங்கள் பெருகுமாயின் தட்டே நோயுற்றது. அப்பொழுதும் அதனைப் பிடுங்கற்க. புதியதை அருகே இணைத்து, பழையது நிற்கவே மாற்றீடு செய்விக்க. இரு தட்டுகள் பழுதாயின் தொகுதியை நிறுத்தி, ‘டிடிறெஸ்கியூ’ என்னும் மென்பொருளாற் படியெடுத்து, அப்படியின்மேலேயே முயல்க. புதுத் தொகுதி ஆக்கும் கட்டளையை மறந்தும் இடற்க.

எம்மைக் கெடுத்தது இரண்டாந் தட்டின் பழுதன்று. நெடுநாள் அதனை வாசியாதிருந்தமையே. வாசியாத இடத்தின் பழுது வெளிப்படாது. தெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறன்று தொகுதி முழுவதையும் வாசித்துச் சரிபார்க்கும் ஒழுங்குண்டு; அதனை நிறுத்தற்க. தவறி அழித்த கோப்பைக் கூட்டுத் தட்டு மீட்டுத் தராது. ஆதலின் வேறோர் இல்லத்தில் வேறொரு பிரதியும் இருத்தல் வேண்டும்.

பழைய மாணவர்காள்! உங்கள் பெட்டிகளில் உறங்கும் இதழ்களையும் நிழற்படங்களையும் இடைக்கிடை திறந்து பார்மின். ஒரு பிரதியை எமக்கும் தம்மின்.