லட்சியம்: டாக்டர்... பொழுதுபோக்கு: தூக்கம்!

செய்முறைத் தேர்வுகள் முடிந்ததும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும், சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலும் உள்ள ஸ்டேஷனரி கடைகளில் திடீரென்று ஒரு கூட்டம் சேரும். எல்லாம் ப்ளஸ் டூ பிள்ளைகள்! 'ஹால் டிக்கெட்டுக்கு பிளாஸ்டிக் கவர் வாங்கப் போறேம்மா' என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். வாங்குவது என்னவோ ஆட்டோகிராஃப் நோட்டு!

ரோஸ், மஞ்சள், பச்சை, ஊதா என்று பக்கத்துக்கொரு கலர். ஒரு காலத்தில் அதில் ரெண்டு வரிக் கவிதையும் கையெழுத்தும் இருந்தால் போதும். பிறகு 'ஸ்லாம் புக்' வந்தது. கேள்விகளை அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். பெயர்? செல்லப் பெயர்? பிறந்த நாள்? பிடித்த நடிகர்? பிடித்த உணவு? (சிதம்பரத்துப் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம்... கொத்சு!) இன்று செல்போனில் ஆயிரம் போட்டோ, வீடியோ என்று சேர்த்தாலும், கைப்பட எழுதி வாங்குகிற ஆசை மட்டும் போகவில்லை.

அந்த நோட்டில் நம்மைக் கவர்வது ரெண்டே ரெண்டு கட்டங்கள்தான். ஒன்று 'லட்சியம்', இன்னொன்று 'பொழுதுபோக்கு'. பக்கத்துப் பக்கத்து வீடுதான்... ஆனால் ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது!

'லட்சியம்: டாக்டர். பொழுதுபோக்கு: தூங்குவது.'

'லட்சியம்: கலெக்டர். பொழுதுபோக்கு: தாமதமாக வருவது.'

'லட்சியம்: இன்ஜினீயர். பொழுதுபோக்கு: அம்மாவின் மிக்ஸியைக் கழற்றிப் போடுவது.' (இந்தப் பையன் பரவாயில்லை. ரெண்டு கட்டமும் கொஞ்சம் ஒத்துப் போகிறது. அம்மாதான் பாவம்!)

யார் எழுதும் லட்சியம்?

லட்சியக் கட்டத்தில் எழுதுவது பிள்ளையின் பேனாதான். ஆனால், பிடித்திருக்கும் கை அப்பாவுடையது, பக்கத்து வீட்டு மாமாவுடையது, அந்த வருஷத்து அட்மிஷன் விதிகளுடையது!

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தது 1978-ல். 1984-ல் மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அதிலிருந்து லட்சியக் கட்டத்தில் ரெண்டே வார்த்தைகள்... டாக்டர் அல்லது இன்ஜினீயர். ரிசல்ட் வந்ததும் மாநில முதலிடம் பிடித்த பிள்ளைக்கு அம்மா லட்டு ஊட்டும் போட்டோ பத்திரிகைகளில் வரும். கீழே, 'டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன்' என்று பேட்டி. வருஷா வருஷம் பிள்ளை மாறும், பேட்டி மாறாது!

2007-ல் அந்த நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2017-ல் 'நீட்' வந்து உட்கார்ந்தது. அதே 2017-ல் மாநில 'ரேங்க்' அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. லட்டு ஊட்டும் போட்டோவும் கொஞ்சம் குறைந்தது. 1,200 மார்க் இருந்த இடத்தில் 600 ஆனது. 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு கிடைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்லாம் புக்கில் ஒரு அலை அடித்துப் போயிருக்கிறது.

சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கு இதில் சொந்த ஊர்க் கதையே ஒன்று உண்டு. அண்ணாமலைநகரில் 1985-ல் ஆரம்பித்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, ஊரிலேயே இருந்தும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத கல்லூரியாக இருந்தது. 2013-ல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றது. கட்டணம் மட்டும் இறங்கவில்லை. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஐம்பது நாளைத் தாண்டியது. 2021-ல் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. அரசுக் கட்டணமும் வந்தது. 'டாக்டர்' என்று எழுதிய கட்டத்துக்கு அர்த்தம் கிடைக்க, முந்தைய பேட்ச் பிள்ளைகள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பறையில் ஒரு ரவுண்டு

சரி, மார்க்கைத் தள்ளி வைத்துவிட்டு ஆளைப் பார்ப்போம். எந்தப் பள்ளியானாலும் ப்ளஸ் டூ வகுப்பில் சில பேர் கட்டாயம் இருப்பார்கள்.

பஸ் பாஸ் பறவை: புவனகிரியிலிருந்தோ, காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ, கிள்ளையிலிருந்தோ சிதம்பரத்துக்கு வருகிறவர். கண்டக்டர்கள் அத்தனை பேரும் 'அண்ணன்'. வேதியியல் சமன்பாட்டை ஜன்னலோரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுவார். பஸ் மேட்டில் ஏறினால் மட்டும் ஒரு ஆக்சிஜன் விட்டுப்போகும்.

'ஒண்ணுமே படிக்கலடி' அம்மணி: தேர்வு ஹால் வாசலில் கண்ணீர் விடுவார். 'எதுவுமே ஞாபகம் இல்லடி' என்பார். ரிசல்ட் அன்று பார்த்தால் கணக்கில் நூற்றுக்கு நூறு! சமாதானம் சொன்ன தோழிக்கு அறுபத்தெட்டு.

கடைசி பெஞ்சுக் கவிஞர்: இயற்பியல் நோட்டை முன்னாலிருந்து திறந்தால் ஒன்றுமில்லை. பின்னாலிருந்து திறந்தால் முழுக் கவிதைத் தொகுதி! வகுப்பில் எல்லோர் ஆட்டோகிராஃபுக்கும் கவிதை சப்ளை இவர்தான்.

விழா நாயகன்: ஆசிரியர் தினமா, பொங்கல் விழாவா... காசு வசூல், மைக் செட், மாலை, சமோசா கணக்கு எல்லாம் இவர் பொறுப்பு. கடைசியில் ரெண்டு ரூபாய் மிச்சமும் காட்டுவார். எல்லாப் பாடத்திலும் பார்டர் பாஸ். 'இவன் எங்க உருப்படப் போறான்' என்பார் வகுப்பு சார். நாளை நூறு பேருக்கு வேலை கொடுக்கப் போகிறவர் இவராகவும் இருக்கலாம் என்பது சாருக்குத் தெரியாது.

இந்த நாலு பேரையும் மார்க் ஷீட்டில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். பொழுதுபோக்குக் கட்டத்தில்தான் இருப்பார்கள்.

ஏப்ரல் 24, ஏப்ரல் 25

பொழுதுபோக்கை லேசாக நினைக்காதீர்கள் என்று சொல்ல, கடலூருக்கு மற்ற ஊர்களைவிட அதிக உரிமை உண்டு.

1934 ஏப்ரல் 24-ம் தேதி மஞ்சக்குப்பத்தில் ஒரு பையன் பிறந்தான். அஞ்சாங் கிளாஸோடு பள்ளிக்கு டாட்டா காட்டிவிட்டான். சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸில் வளர்ந்து, அச்சகத்தில் வேலை பார்த்து, கண்டதையும் படித்து, எழுத ஆரம்பித்தான். அவர்தான் ஜெயகாந்தன். 1972-ல் சாகித்ய அகாடமி, பிறகு 2002-ம் ஆண்டுக்கான ஞானபீடம். எந்த ஸ்லாம் புக்கிலும் 'லட்சியம்: ஞானபீடம்' என்று அவர் எழுதியிருக்க வாய்ப்பில்லை. ஆட்டோகிராஃப் நோட்டு கைக்கு வருகிற வயசுக்கு முன்பே பள்ளியை விட்டுவிட்டாரே!

அதற்கு 28 வருஷம் முன்னால், 1906 ஏப்ரல் 25-ல், பக்கத்திலேயே திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் புதுமைப்பித்தன். அப்பா தாசில்தார். பையன் பி.ஏ. படித்தார். படித்துவிட்டுப் போனதோ பத்திரிகைப் பக்கம்! தமிழ்ச் சிறுகதை பிழைத்தது. ஏப்ரலில் ரிசல்ட்டுக்காக நகம் கடிக்கும் கடலூர்ப் பிள்ளைகள், அடுத்தடுத்த இந்த ரெண்டு பிறந்த நாள்களையும் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கலாம்.

எழுத்தோடு முடியவில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி கடலூர்க் கரையைச் சுருட்டியது. அம்மா, அப்பாவை இழந்த பெண் பிள்ளைகளில் சிலருக்கு ஒரு பயிற்சியாளர் கால்பந்தைக் கையில் கொடுத்தார். இல்லை, காலில் கொடுத்தார்! துக்கத்தை மறக்க உதைத்த பந்து, அவர்களை மாநில அணி வரைக்கும் கொண்டுபோனது. இதே கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். 2018-ல் தமிழ்நாடு பெண்கள் அணி, கால்பந்தின் கோட்டையான மணிப்பூரையே தோற்கடித்துத் தேசிய சாம்பியன் ஆனது. 'பொழுதுபோக்கு: ஃபுட்பால்' என்று எழுதுகிற பெண்ணைப் பார்த்து, 'ஆம்பளப் புள்ள மாதிரி என்னடி இது' என்று கேட்கும் பாட்டிகள் கவனிக்க!

ஆனால் ஒன்று. நம் ப்ளஸ் டூ வகுப்புகளில் விளையாட்டு பீரியட் என்று ஒன்று டைம் டேபிளில் மட்டும்தான் இருக்கிறது. 'போர்ஷன் முடியல, இந்த பீரியடை எனக்குக் குடுங்க சார்' என்று கணக்கு வாத்தியார் கடன் வாங்கிப் போவார். கணக்கு வாத்தியார்தான்... ஆனால் வாங்கிய கடனைத் திருப்பித் தந்ததாகக் கணக்கே கிடையாது!

மறுபக்கம்

'அப்போ படிப்பை விட்டுட்டுப் பொழுதுபோக்கைப் பார்க்கச் சொல்றீங்களா?' என்று பெற்றோர் சண்டைக்கு வரவேண்டாம். ஜெயகாந்தன் கோடியில் ஒருவர். மற்றவர்களுக்கு அந்தச் சான்றிதழ்தான் சோறு.

சிதம்பரம் ஓமக்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். 1916-ல் சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் பள்ளியை ஆரம்பித்தார். மற்ற பள்ளிகள் கதவு திறக்காத தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளி அது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன லட்சியம்? வகுப்பறைக்குள் உட்கார்வதே லட்சியம்! நூறு வருஷம் தாண்டி அது இன்று அரசு மேல்நிலைப் பள்ளியாக நிற்கிறது. வீட்டில் முதன்முதலாக ப்ளஸ் டூ முடிக்கிற பிள்ளைக்கு 'டாக்டர்', 'கலெக்டர்' எல்லாம் அப்புறம்... 'பாஸ்' என்ற ஒரு வார்த்தைக்கே மூன்று தலைமுறை காத்திருந்திருக்கும்.

அந்தக் காகிதத்தைக் காப்பாற்றுவதும் இந்த மாவட்டத்தில் சின்ன வேலையில்லை. சுனாமி, 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் என்று தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. 2015 வெள்ளத்தில் போன சான்றிதழ்களுக்கு மாற்று கொடுக்க அரசே முகாம் போட வேண்டியிருந்தது. கடலூர் வீடுகளில் ரேஷன் கார்டோடு மார்க் ஷீட்டையும் பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் வைக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது.

காலிக் கட்டம்

இவ்வளவு நேரம் சொன்னது எழுதிய கட்டங்களைப் பற்றி. சில பக்கங்களில் பொழுதுபோக்குக் கட்டம் காலியாகவே இருக்கும். ஒரு சின்னக் கோடு மட்டும். யாருடையது என்று பார்த்தால், வகுப்பிலேயே அதிகம் பேசாத பெண்ணாக இருக்கும். அம்மா விடியற்காலையில் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போயிருப்பார். இவள் தம்பியைக் கிளப்பி, சோறு வடித்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள். அல்லது, ராத்திரி அப்பாவின் டீக்கடையில் கிளாஸ் கழுவிவிட்டு வருகிற பையன். பொழுதே இல்லாத பிள்ளைக்குப் பொழுதுபோக்கு எங்கிருந்து வரும்?

இந்தப் பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக்கூடத்தின் அந்த ஒரு விளையாட்டு பீரியட், அந்த ஒரு பாட்டுப் போட்டி, அந்த ஒரு நூலகம். வேறு எங்கும் கிடைக்காது. அதையும் கடன் வாங்கிவிட்டால், தனக்கு எது வரும் என்று தெரியாமலே பதினேழு வயசைத் தாண்டிவிடுவார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையாகவும் இருப்பார்கள். ஆனால் 'என்னம்மா ஆகணும்?' என்று கேட்டால், 'தெரியல மிஸ்' என்பார்கள். அதுதான் அந்த நோட்டிலேயே நேர்மையான பதில்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, கல்லூரிக்குப் போனால் மாசம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-ல் வந்தது. பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024-ல். கல்லூரி வாசல் வரைக்கும் பஸ் காசுக்கு வழி பிறந்தது. எந்த வாசல் என்பதை யாராவது கூட உட்கார்ந்து பேசவேண்டும். மருத்துவம் இல்லையென்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே வேளாண்மை இருக்கிறது, இசை இருக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடல் காற்று வாங்கிக்கொண்டே படிக்கப் பெரியார் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. இந்தப் பெயர்களை லட்சியக் கட்டத்தில் எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

ரிசல்ட் நாளுக்கு ஒரு வார்த்தை. மார்க் குறைந்தால் அடுத்த ஓரிரு மாதத்திலேயே துணைத் தேர்வு உண்டு. பாஸான பிறகு சான்றிதழைப் பார்த்து 'ஏன் லேட்டு?' என்று யாரும் கேட்கப் போவதில்லை. பிள்ளை முகம் வாடி, பேச்சில்லாமல் இருந்தால் மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். 104-க்கும் 14416-க்கும் போன் போட்டால் பேச ஆள் இருக்கிறார்கள். 2021-ல் கொரோனாவால் ப்ளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. அத்தனை பேரும் பாஸ். உலகம் நின்றுவிடவில்லையே! அந்த பேட்ச் பிள்ளைகளுக்கு ஒரே குறை... கடைசி நாள் என்று ஒன்று இல்லாமல் போனதால் ஆட்டோகிராஃப் வாங்க முடியவில்லை என்பதுதான்.

பெற்றோரே... இந்த வருஷம் பிள்ளையின் ஸ்லாம் புக் கையில் கிடைத்தால், அனுமதி கேட்டு (கேட்டுத்தான்!) ஒரு தடவை புரட்டுங்கள். லட்சியக் கட்டத்தைப் படிக்கவேண்டாம், அது நீங்கள் எழுதியதுதான். பக்கத்துக் கட்டத்தைப் படியுங்கள்.

கணக்கு சார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அந்த பீரியடைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சார். வட்டி கேட்கமாட்டோம்!