காவல் நாய், பூனைகளுக்குப் பல் பராமரிப்பு

படவேடு பகுதியில் தோட்டக் காவலுக்கு நாயும், எலித் தொல்லைக்குப் பூனையும் வளர்க்கிறோம். மாட்டுக்குப் பல் பிடித்து வயது பார்க்கும் நாம், இவற்றின் வாயைக் கவனிப்பதில்லை.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. பல்லில் படியும் அழுக்கு, எச்சிலில் உள்ள உப்புகளுடன் சேர்ந்து மஞ்சள் காறையாக இறுகும். பிறகு ஈறு வீங்கி, சீழ் பிடித்து, பல் ஆடும்.

அறிகுறிகள்: வாய் துர்நாற்றம், ஒரு பக்கமாக மெல்லுதல், தீனி குறைதல், கண்ணுக்குக் கீழே வீக்கம்.

காறையைக் கத்தியால் சுரண்டக் கூடாது. ஈறுக்கு அடியில் இருப்பது அப்படிப் போகாது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, அல்ட்ராசோனிக் கருவியால் அதையும் அகற்றுவார். கெட்ட பல்லைப் பிடுங்குவார். முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். மேல் சிகிச்சைக்கு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

நாம் பல் துலக்கும் பேஸ்ட் இவற்றுக்கு ஆகாது. வலிக்கு என்று பூனைக்கு பாராசிட்டமால் கொடுத்தால் உயிரே போகும்.

எச்சரிக்கை: எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் தவித்தால் அது வெறிநோயாகவும் இருக்கலாம். எலும்பு சிக்கியதாக நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். கடியோ கீறலோ பட்டால் 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.