கேட் மூடும் முன்னே பச்சை விழலாமா?

விருதுநகர் – தென்காசி தடம் ஒற்றை ரயில் பாதை. எதிர் வண்டிக்காக ‘கிராசிங்’கில் காத்துக் கிடப்பது சங்கரன்கோவில் பயணிகளுக்குப் பழகிப்போன சலிப்பு. அதற்குப் பின்னால் இரண்டு விதிகள் உண்டு. சங்கரன்கோவிலுக்கும் பாம்பகோவில் சந்தைக்கும் இடையே எந்த நேரத்திலும் இரண்டு வண்டிகள் இருக்கக் கூடாது. நிற்கிற வண்டிக்கு என்றாவது வழி கிடைத்தாக வேண்டும்.

முதல் விதியை மட்டும் காப்பது சுலபம். எல்லா சிக்னலையும் சிவப்பிலேயே வைத்துவிட்டால் விபத்தே நடக்காது, வண்டியும் நகராது. இரண்டையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பதால்தான் சிக்கல். வழக்கமான தருக்கத்துக்கு மெய், பொய் மட்டுமே தெரியும். “ரயில்வே கேட் மூடியிருக்கிறது” என்பதோ இப்போது மெய், சற்று நேரத்தில் பொய். ‘எப்போதும்’, ‘என்றாவது’, ‘அடுத்து’, ‘அதுவரை’ ஆகியவற்றுக்குக் குறியீடு கொடுத்து, இத்தகைய விதிகளை ஐயமற எழுத வழிசெய்வது காலத் தருக்கம்.

நியூசிலாந்துத் தத்துவ அறிஞர் ஆர்தர் பிரையர் 1950களில் இதை உருவாக்கியபோது கணினியை நினைக்கவில்லை. விதியா மதியா என்ற பழைய வழக்குதான் அவரை உந்தியது. 1977இல் இஸ்ரேலின் அமீர் ப்னுவேலி இதை நிரல்களுக்குக் கொண்டுவந்தார். விடை சொல்லி முடிந்துவிடும் நிரல் வேறு. சிக்னல் அமைப்புபோல ஓயாமல் ஓடுவது வேறு. பின்னதற்கு விடை என்று ஒன்று கிடையாது, நடத்தைதான் உண்டு. 1996இல் ப்னுவேலிக்குக் கணினித் துறையின் டூரிங் விருது கிடைத்தது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளார்க், எமர்சன் இருவரும், பிரான்சில் சிஃபாக்கிசும் சோதிக்கும் வேலையைக் கணினியிடமே விட்டார்கள். அமைப்பு அடையக்கூடிய நிலைகளை எல்லாம் அது துழாவும். ‘கேட் திறந்திருக்கும்போது வண்டி வரக் கூடாது’ என்பதுபோன்ற விதி மீறப்பட்டால் வழியையும் காட்டும்: கேட் மூடியது, பச்சை விழுந்தது, கேட் மறுபடி திறந்தது, வண்டி வந்தது. ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் இந்த வரிசை கண்ணில் படாமல் போகலாம். ‘சரி’ என்ற சான்றைவிட, தவறு நடக்கும் தடத்தைக் கையில் கொடுப்பதுதான், என் கணக்கில், இதன் பெரும் பயன்.

இடைஞ்சலும் உண்டு. ஆம், இல்லை என இரு நிலை கொண்ட 100 உறுப்புகள் இருந்தாலே மொத்த நிலைகள் 31 இலக்க எண் ஆகிவிடும். இவற்றைச் சுருக்கிக் கையாளும் உத்திகள் வந்த பிறகுதான் கணினிச் சிப் நிறுவனங்கள் இதை நம்பின. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் இத்துறை வேரூன்றியது. பல கணினிகள் சேர்ந்து இயங்கும் அமைப்புகளுக்கான தருக்கங்களில் பி.எஸ். தியாகராஜன், ஆர். ராமானுஜம் ஆகியோர் பங்களித்தனர்.

கடலூர் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன்மீது ரயில் மோதி மாணவர்கள் இறந்தபோது, அந்த கேட் சிக்னலோடு இணைக்கப்படாமல் இருந்தது. இணைப்பு இல்லாத இடத்தில் தருக்கம் காவல் நிற்க முடியாது. 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோரில் இணைப்பு இருந்தும் ரயில்கள் மோதி 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டதை விசாரணை காட்டியது. காலத் தருக்கம் வரைபடத்தைத்தான் சோதிக்கும், கம்பியை அல்ல.

கணினி படிக்கும் பிள்ளைகள் ‘ஸ்பின்’ என்ற இலவச மென்பொருளில் ஒரு கேட்டையும் ஒரு சிக்னலையும் எழுதிச் சோதித்துப் பார்க்கலாம்.