அதிர்வு, அதிர்வெண், பழுது: கூட்டு உத்தரச் சோதனையும் தமிழ்க் கலைச்சொற்களும்

0. முன்னுரை

எஃகு உத்தரத்தின்மேல் காங்கிரீட் பலகத்தை வார்த்து, இரண்டும் ஒன்றாக வளையுமாறு இணைத்த அமைப்பு கூட்டு உத்தரம் எனப்படும். எஃகின் மேல்தகட்டில் பற்றவைத்த ஆணிகள் காங்கிரீட்டினுள் புதைந்து, ஒன்றன்மேல் மற்றது நழுவாமல் தடுக்கின்றன. இவ்வாணிகள் முறிந்தால் வெளிப்பார்வைக்குப் புலப்படுவதில்லை. இம்மறைவான பழுதை அதிர்வு அளவீட்டால் அறியும் முறையைத் தமிழில் எழுதுகையில் எழும் பொருள் மயக்கங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

1. மூன்று அளவுகள்

உத்தரத்தைத் தட்டி, அதன் அசைவை முடுக்கமானிகளால் பதிவு செய்வர். அப்பதிவிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன: அசைவின் அளவாகிய வீச்சு, நொடிக்கு எத்தனை முறை அசைகிறது என்னும் அதிர்வெண், எவ்விடம் எவ்வளவு அசைகிறது என்னும் அதிர்வு வடிவம்.

பேச்சு வழக்கில் 'அதிர்வு குறைந்தது' என்றால் வீச்சுக் குறைவே பொருள். அது நற்செய்தியாகவும் கொள்ளப்படும். இயல் அதிர்வெண் குறைவதோ விறைப்புக் குறைந்ததன் அறிகுறியாகலாம். ஆணிகள் முறிந்தால் நிறை மாறுவதில்லை. விறைப்பு மட்டும் குறைகிறது. அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. எனவே விறைப்பு 10 விழுக்காடு குறைந்தால் அதிர்வெண் ஏறத்தாழ 5 விழுக்காடே குறையும். 'அதிர்வெண் குறைந்தது' என்பதை 'அதிர்வு குறைந்தது' எனச் சுருக்கினால் எச்சரிக்கை ஆறுதலாக மாறிவிடும். இலங்கைத் தமிழில் வழங்கும் 'மீடிறன்' என்னும் சொல்லில் 'அதிர்வு' என்னும் கூறு இல்லாமையால் இம்மயக்கத்திற்கு இடமில்லை.

2. அறிகுறியும் முடிபும்

1993இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில், ரியோ கிராண்டே ஆற்றின் மீதிருந்த நெடுஞ்சாலைப் பாலமொன்று இடிக்கப்படுமுன் சோதிக்கப்பட்டது. காங்கிரீட் தளத்தைத் தாங்கிய எஃகு உத்தரம் ஒன்று நான்கு படிகளில் வெட்டப்பட்டது. 2.48 ஹெர்ட்ஸாக இருந்த முதல் அதிர்வெண், இறுதி வெட்டிற்குப் பின்னரே 2.30 ஆகத் தெளிவாகக் குறைந்தது. தொடக்க வெட்டுகளில் அது குறையவே இல்லை. பின்னர் அதே மாநிலத்தின் அலமோசா கேன்யன் பாலத்தில், பழுதேதும் இன்றியே, ஒரே நாளின் வெப்ப மாற்றத்தால் முதல் அதிர்வெண் சுமார் 5 விழுக்காடு மாறியது.

ஆகவே அதிர்வெண் மாற்றம் ஓர் அறிகுறியே. 'பழுதைக் காட்டுகிறது' என்பதும் 'பழுது இருக்கலாம் என ஐயுற வைக்கிறது' என்பதும் ஒன்றல்ல. மூலத்தின் ஐயத்தைத் தமிழ் வினைமுற்று உறுதியாக்கிவிடலாகாது.

3. 'கண்டறிதல்' என்னும் சொல்

1993இல் ரிட்டர் என்னும் ஆய்வாளர் பழுதறிதலை நான்கு நிலைகளாகப் பகுத்தார்: பழுது உண்டா, எங்கே, எவ்வளவு, எஞ்சிய ஆயுள் யாது. தமிழில் முதல் மூன்றிற்கும் 'கண்டறிதல்' என்பதே வழங்குகிறது. அதிர்வெண் முதல் வினாவிற்கே ஓரளவு விடை தரும். இடத்தை அறிய அதிர்வு வடிவம் தேவை. எனவே உண்மையறிதல், இடமறிதல், அளவறிதல், ஆயுள் கணித்தல் எனப் பிரித்து வழங்குதல் தகும்.

4. முடிவுரை

இத்துறையில் புதுச்சொல் ஆக்குவதினும், இருக்கும் சொற்களின் எல்லையைக் காப்பதே முதற்பணி எனலாம். பாலத்தை மூடுவதா திறந்து வைப்பதா என்னும் முடிவு அச்சொற்களைச் சார்ந்து அமையக்கூடும்.