கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு

நீர்வேலியில் பின்னேரம் நான்கு மணிக்கு மேல் பருத்தித்துறை வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால், வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர்ச் சத்தத்தோடு தட்டுக்கழிச் சத்தமும் கலந்து வரும். ஒரு வீட்டு விறாந்தையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் அரைமண்டியில் நிற்பார்கள். மதிலோரம் ஸ்கூட்டிகளில் சாய்ந்தபடி அம்மாமார். "தமிழ்த்தினப் போட்டிக்கு இன்னும் மூண்டு கிழமைதான்", "வலயத்தில முதலாவதா வந்தாத்தான் மாகாணம்", "சங்கீத சபைச் சோதினை எப்பவாம்?" என்று பேச்சு போகும். உடுப்பு, நகை, சலங்கை, ஹையேஸ் வாடகை எல்லாம் கணக்கில் வரும். பிள்ளை இந்த வருடம் எத்தனை சென்ரிமீற்றர் வளர்ந்தாள் என்ற கணக்கு மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை. என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கணக்கு அதுதான்.

யாழ்ப்பாணத்தில் நடனம் பழகும் பிள்ளைக்கு முன்னால் நீண்ட ஏணி ஒன்று இருக்கிறது. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் தரம் ஒன்றிலிருந்து ஆசிரியர் தரம் வரை போகும். முடிப்பவருக்குக் கலாவித்தகர் பட்டம். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம், உயர்தரம் இரண்டிலும் பரதம் ஒரு பாடம். அதற்கு மேல் படிக்க மருதனார்மடத்தில் 1960இல் இராமநாதன் நுண்கலைக்கழகமாக ஆரம்பித்து, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடமாக இருக்கும் நிறுவனம். இடையில் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறும் தமிழ்மொழித்தினப் போட்டி. லண்டனில் பலே பழகும் பிள்ளை பதினொரு வயதில் வீட்டை விட்டு விடுதிக்குப் போய் ராயல் பலே பள்ளியில் சேர்வது போன்ற பிரிவு இங்கே இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஏணி செங்குத்தாகும் வயது ஒன்றுதான்: பத்துக்கும் பதினான்குக்கும் இடையில்.

அந்த ஏணியில் ஏறும் உடலைப் பார்க்க, முழங்காலை மடித்துத் தொடைகளை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் அரைமண்டியிலிருந்தே தொடங்குவோம். தொடை எலும்பு நேரான தடியல்ல. அதன் மேல்முனையில் ஒரு கழுத்தும், இடுப்புக் குழிக்குள் பொருந்தும் உருண்டைத் தலையும் உண்டு. அந்தக் கழுத்து சற்று முன்பக்கமாக முறுகியிருக்கும். பிறந்த குழந்தையில் இந்த முறுக்கு ஏறத்தாழ 40 பாகை. நடந்து, ஓடி, வளர வளர அது மெல்ல அவிழ்ந்து, பெரியவர்களில் 15 பாகையளவில் நிற்கும். பத்து வயதையொட்டி அவிழ்வதில் பெரும்பகுதி முடிந்துவிடும். முறுக்கு அதிகம் மிஞ்சிய பிள்ளை, முழங்காலை முன்னே வைத்துப் பாதங்களை இருபக்கமும் எறிந்து நிலத்தில் சுகமாக உட்காரும். நடக்கும்போது பெருவிரல் உட்பக்கம் பார்க்கும். அதே பிள்ளைக்கு அரைமண்டியில் தொடையை வெளிப்பக்கம் திருப்புவது கஷ்டம். அது சோம்பலும் அல்ல, பயிற்சிக் குறைவும் அல்ல; எலும்பின் வடிவம். பக்கத்துப் பிள்ளையின் கால் இலகுவாகத் திறப்பதைக் காட்டி இந்தப் பிள்ளையை ஏசுவது, உயரம் குறைந்ததற்கு ஏசுவதைப் போன்றது.

இடுப்பு தராததை முழங்காலிடம் பறிக்க முடியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நீட்டிய முழங்கால் பூட்டுப் போட்டது போல, கீழ்க்காலைத் திருப்பவிடாது. மடித்தவுடன் பூட்டுத் திறந்து, கீழ்க்கால் ஓரளவு சுழல இடம் கிடைக்கும். அரைமண்டி மடித்த முழங்காலின் நிலை. ஆகவே தொடை 45 பாகை மட்டுமே திரும்பும் பிள்ளை, பாதத்தை 80 பாகைக்கு வைத்துவிட்டு மீதியை முழங்காலிலும் கணுக்காலிலும் முறுக்கி எடுத்துவிடலாம். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு வடிவு சரியாகத்தான் தெரியும். பாதத்தை அப்படியே ஊன்றி முழங்காலை நீட்டும் கணத்தில், பூட்டு மறுபடி விழவேண்டிய மூட்டு முறுகியபடியே விழுகிறது. இதை ஒரு பின்னேரத்தில் எத்தனை தடவை செய்வாள் என்று எண்ணிப் பாருங்கள். கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கைத்தொலைபேசியில் முன்னாலிருந்து ஒரு வீடியோ எடுங்கள். முழங்காற்சிரட்டை இரண்டாம் கால்விரலுக்கு நேரே மேலே நிற்கிறதா? உட்பக்கம் விழுந்து, பாதத்தின் உள்வளைவும் நிலத்தில் சரிந்திருந்தால் அந்த அரைமண்டி கடன் வாங்கிய அரைமண்டி.

இனி, வளர்ச்சி. பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் 14ஐ ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். முதலில் பாதம் நீளும், பிறகு கால்கள், கடைசியில்தான் உடல். தடிப்பு மாறாமல் கால் பத்தில் ஒரு பங்கு நீண்டாலே, இடுப்பிலிருந்து அதைச் சுழற்றும்போது வரும் எதிர்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். போன வருடம் சமநிலை தவறாத பிள்ளை இந்த வருடம் தடுமாறுவது அதனால்தான். அவள் பழகிய உடல் இப்போது அவளிடம் இல்லை. புதிய காலின் அளவை மூளை திரும்பப் படிக்கவேண்டும்.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. எலும்பு நீளுவது முந்தும். சுண்ணாம்புச்சத்து ஏறி உறுதிப்படுவது அரை வருடத்துக்கு மேல் பிந்தும். அந்த இடைவெளியில் எலும்பு நீண்டிருக்கும், ஆனால் இறுகியிராது. தசைநார் எலும்பில் வந்து பிடிக்கும் இடங்களில் இன்னும் குருத்தெலும்பு. குதிக்காலிலும், முழங்காற்சிரட்டைக்குச் சற்றுக் கீழேயும் பிள்ளைகள் நோவென்று சொல்வது இந்த இடங்களைத்தான். சிரட்டைக்குக் கீழ் வரும் நோவை 1903இல் அமெரிக்காவில் ஒஸ்குட்டும் சுவிற்சர்லாந்தில் ஷ்லாட்டரும் தனித்தனியே விவரித்தார்கள். இன்றும் இருவர் பெயரிலும்தான் மருத்துவர்கள் அதை அழைக்கிறார்கள்.

நம் ஊரில் பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று எல்லோரும் அறிவது சாமத்தியச் சடங்கில். ஆனால் உடலின் கணக்கில் அது பிந்திய அறிவிப்பு. மிக வேகமான வளர்ச்சி பெரும்பாலும் பெரியபிள்ளையாவதற்கு ஒரு வருடமளவு முன்பே நடந்து முடிந்திருக்கும். கவனம் தேவைப்பட்ட மாதங்களை நாங்கள் அறியாமலே கடந்திருப்போம். அதற்குள் இன்னொன்றும் வந்து சேர்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்காக நடன வகுப்பை நிறுத்துவோம். சோதனை முடிந்ததும் விட்டதைப் பிடிக்க இரட்டை வகுப்பு, போட்டி வந்தால் ஒவ்வொரு நாளும் ஒத்திகை. ஒரு வருடம் ஓய்ந்திருந்த கால்கள், நீளத் தொடங்கும் அதே வேளையில், ஒரேயடியாகச் சுமையை வாங்குகின்றன. இதில் யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. நாட்காட்டி அப்படி அமைந்துவிட்டது.

தரையும் மாறிவிட்டது. சாணம் மெழுகிய மண்தரை கொஞ்சம் இசைந்து கொடுக்கும். சீமெந்தும் மாபிளும் இசையாது; பலே கூடங்களில் பலகைத் தளத்தின் கீழ் இசைவு வைத்துக் கட்டுவது இதற்காகத்தான். வெறுங்காலால் தட்டும்போது அந்த அதிர்வை முதலில் வாங்குவது தசை. தசை களைத்தபின் எலும்பு வாங்கும். அதனால் வகுப்பின் கடைசி அரைமணித்தியாலம்தான் ஆபத்தானது.

இப்படிச் சொல்வதால் பிள்ளையை மறித்து வீட்டில் இருத்திவிடாதீர்கள். எலும்பு அதிர்வைக் கேட்டு வளரும் பொருள். பருவமடைவதற்கு முன்னும் அதன் தொடக்கத்திலும் துள்ளி ஆடும் பிள்ளையின் எலும்பு, ஆடாத பிள்ளையினதைவிட உறுதியாகும். அந்த ஆதாயம் வேறு வயதில் இவ்வளவு கிடைக்காது. வேண்டியது அளவும் சாப்பாடும் நித்திரையும். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராமளவு கல்சியம் உண்டு; முள்ளோடு தின்னும் நெத்தலியும் முருங்கையிலையும் நம் முற்றத்துச் சாப்பாடுதான். மேடையில் மெலிவாகத் தெரியவேண்டும் என்று பிள்ளையின் கோப்பையில் சோற்றைக் குறைப்பது பெரும் பிழை. செலவுக்குப் போதிய சக்தி வராவிட்டால் உடல் முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பைக் கரைக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால், அல்லது வந்தது மூன்று மாதம் நின்றால், வைத்தியரிடம் போகவேண்டும். நொண்டி நடந்தாலும், ஒரே இடத்தில் விடாமல் நொந்தாலும், இரவில் நோவால் எழும்பினாலும் அப்படியே. சித்தாலேப பூசிவிட்டுப் போட்டி முடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது.

மற்றது, அந்தப் பென்சில். இன்றிரவே பிள்ளையைக் கதவு நிலையோடு நிறுத்தி, தலைக்கு மேலே ஒரு கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். வருடத்துக்கு 5, 6 சென்ரிமீற்றர் வளர்ந்துவந்த பிள்ளை மூன்று மாதத்திலேயே 2 சென்ரிமீற்றர் கூடியிருந்தால், அடுத்த வகுப்புக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய் ரீச்சரிடம் அதைச் சொல்லுங்கள். துள்ளல் அடவுகளைக் கொஞ்ச மாதம் குறைத்து, அபிநயமும் தாளமும் சொற்கட்டும் கூடப் பழக்கும்படி கேளுங்கள்.