நிரல் அறியாதோரும் அமைக்கும் இணையதளம்

எங்கள் வட்டாரத்தில் மகளிர் குழு ஒன்று மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்று வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர் இளைஞர் ஒருவர் ஒரே மாலைப் பொழுதில் அக்குழுவிற்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தார். புட்டிகளின் மேல் ஒட்டும் சீட்டில் அதன் முகவரி அச்சிடப் பெற்றது. வெளியூர்களிலிருந்தும் எண்ணெய் கேட்டு அழைத்தனர். பிறகு அவ்விளைஞர் வேலை கிடைத்து அயல்நாடு சென்றார். குழுவின் தொலைபேசி எண் மாறிற்று. கடலை எண்ணெயின் விலையும் ஏறிற்று. தளத்திலோ பழைய எண்ணும் பழைய விலையுமே நின்றன. திருத்துவதற்குரிய கடவுச்சொல்லை அறிந்தவர் அவர் ஒருவரே. அவரும் அதை மறந்திருந்தார். பல மாதங்கள் வாடிக்கைக்காரர்களின் அழைப்பு வேறு எவருக்கோ போய்க் கொண்டிருந்தது.

இணையப் பக்கம் என்பது எச்.டி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியில் எழுதப்படுவது. அம்மொழியை நாம் கற்க வேண்டாதபடி, திரைக்குப் பின்னால் தானே எழுதிக் கொள்ளும் சாதனங்கள் இன்று பல உள்ளன. கூகிள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் டாட் காம், விக்ஸ் ஆகியவை அவற்றுட் சில. முறுக்கு அச்சில் தட்டை மாற்றினால் அதே மாவு தேன்குழலாகவோ முள்முறுக்காகவோ விழுவது போல, நாம் தரும் எழுத்தும் படமும் தேர்ந்தெடுத்த மாதிரிக்கு ஏற்ப அமைந்து விடுகின்றன. ஜிமெயில் கணக்கு உள்ளவர் எவரும் கூகிள் சைட்ஸைக் கட்டணமின்றி உபயோகிக்கலாம். விக்ஸ், வேர்ட்பிரஸ் டாட் காம் ஆகியவற்றின் இலவசப் பகுதியில் அந்நிறுவனத்தின் பெயரும் நம் முகவரியில் சேர்ந்து வரும். விளம்பரமும் இடம் பெறும்.

எழுத வேண்டியதை யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். துண்டுப் பிரசுரத்தைப் படம் பிடித்து அப்படியே ஏற்றி விடுவோர் பலர். அச்சொற்கள் தேடுவோர் கண்ணில் எளிதில் படமாட்டா. பார்வையற்றோரின் கைப்பேசியும் அவற்றைச் சரிவரப் படித்துச் சொல்லாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனித்தல் நலம். பஞ்சாயத்தின் பெயரால் அதிகாரபூர்வமான தளம் வேண்டுமாயின் அது அரசின் முகவரியிலேயே இருத்தல் வேண்டும். நம் மாவட்டங்களின் தளங்கள் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ஓர் அமைப்பில் இயங்குகின்றன. அதுவும் மாதிரிகளைக் கொண்டு அமைப்பதே. பஞ்சாயத்துகளின் திட்டங்களும் கணக்குகளும் 2020-இல் தொடங்கப் பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உள்ளன. தனியார் சாதனங்கள் உழவர் குழுக்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் ஏற்றவை. எத்தளமாயினும் பயனாளிகளின் ஆதார் எண்ணை அதில் இடலாகாது.

இனி உரிமையைப் பற்றி. கணக்கு எவர் மின்னஞ்சலில் உள்ளதோ அவரே தளத்தை ஆள்பவர். ஆகவே குழுவின் பெயரில் தனி மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லைத் தலைவியும் செயலாளரும் அறிந்திருக்க வேண்டும். மீட்பதற்கான தொலைபேசி எண்ணும் குழுவினுடையதாகவே இருக்கட்டும். டாட் இன் என முடியும் பெயரொன்றைக் குழுவின் பெயரால் பதிவு செய்து கொண்டால், நாளை வேறு சாதனத்திற்கு மாறினாலும் முகவரி மாறாது. அப்பதிவைத் தவணை தவறாமல் புதுப்பித்து வர வேண்டும். தவறினால் பெயரைப் பிறர் எடுத்துக் கொள்ளக் கூடும்.

நிறுவனங்களும் தம் சேவையை நிறுத்துவதுண்டு. 1994-இல் தோன்றி எண்ணற்றோருக்கு இலவசப் பக்கம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் பெரும்பாலும் மூடப்பட்டது. சிறு வணிகர்கள் கூகிள் வணிகக் கணக்கின் வழியே அமைத்திருந்த தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. எனவே எழுத்தும் படங்களும் நம்மிடம் ஒரு பிரதி இருத்தல் அவசியம். வேர்ட்பிரஸ் டாட் காமில் எழுதியவற்றைக் கோப்பாக இறக்கிக் கொள்ள வழியுண்டு. விக்ஸில் அமைத்த தளத்தை முழுமையாகப் பெயர்த்து வேறிடத்தில் நடத்த இயலாது. தொடங்குமுன் இவ்வேறுபாட்டைக் கேட்டறிதல் வேண்டும். விற்க வருவோர் தாமாக இதைச் சொல்வதில்லை.

முன்சொன்ன குழுவினர் இப்பொழுது தங்கள் பெயரிலேயே டாட் இன் முகவரி பெற்றுள்ளனர். அதைப் புதுப்பிக்க வேண்டிய நாளைத் தீர்மானப் புத்தகத்தில், கடன் தவணை நாட்களுக்கு அடுத்த வரியில் எழுதி வைத்திருக்கின்றனர். சீட்டுகளும் புதிதாக அச்சாகி விட்டன. பழைய பக்கம் மட்டும் பழைய விலையோடு இன்னும் அங்கேயே இருக்கிறது.